வீடு வீடாகச் சுற்றிய மதியச் சாப்பாடு

எங்கள் நகிஉரா நகராட்சிக்கு, யாரும் கேட்காததைக் கொடுத்துவிட்டுப் பிறகு அதற்குக் கணக்குக் கேட்கும் பழக்கம் உண்டு. வலைப்பதிவு என்ற சொல் புதிதாக இருந்த காலத்தில் 'குடிமக்கள் வலைப்பதிவுச் சதுக்கம்' என்று ஒன்றைத் திறந்தது. இணையத்தில் திறப்பதற்கு ரிப்பனை எங்கே கட்டுவது என்று ஒரு கூட்டம் போட்டுப் பேசி, கடைசியில் கணிப்பொறியைச் சுற்றிக் கட்டினார்கள். அன்றைய மேயர் ரிப்பனோடு சேர்த்துச் சுட்டியின் வயரையும் வெட்டினார். எல்லோரும் கைதட்டினோம்.

முதல் வருடம் ஊரே எழுதியது. பிறகு பூனை செத்தவர்கள் நிறுத்தினார்கள், பேரன் பெரியவனானவர்கள் நிறுத்தினார்கள். கடைசியில் விடாமல் எழுதியவர் எங்கள் தெரு நுமாகுரா மட்டும்தான்.

நுமாகுராவுக்கு மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஆலையில் வேலை. விடியும் முன்னே போய் மூன்று மணிக்குத் திரும்பிவிடுவார். மனைவி இறந்து பல வருடமாகிறது. தினமும் மூன்று வரி எழுதுவார். முதல் வரி கடலைப் பற்றி. மற்ற இரண்டும் மதியம் என்ன சாப்பிட்டார் என்பது. 'கடல் தட்டையாக இருந்தது. சோறு, பொரித்த கானாங்கெளுத்தி, முள்ளங்கி ஊறுகாய். சோயா சாஸ் கொஞ்சம் தாராளம்.' இதற்கு மேல் அவர் எழுதியதை நான் பார்த்ததில்லை.

சதுக்கத்தின் ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னச் சதுரம் உண்டு. அதுதான் ஓடை. விவரம் தெரிந்தவர்கள் ஆர்எஸ்எஸ் ஓடை என்பார்கள். வாசகர் அதை ஒருமுறை எடுத்துத் தன் திரட்டியில், அதாவது பல ஓடைகளையும் வாங்கிச் சேர்க்கும் பெட்டியில், போட்டுக்கொண்டால் போதும். அதன் பிறகு எழுதுகிறவர் எழுதும்போதெல்லாம் எழுத்து தானாக வந்து அவர் பெட்டியில் விழும். வாசகர் பெயர் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்துக்கு வந்து எட்டிப் பார்க்கவும் வேண்டியதில்லை. எது மேலே, எது கீழே என்று நடுவில் யாரும் அடுக்கிவைக்கவும் மாட்டார்கள். எழுதினால் வரும், எழுதாவிட்டால் வராது.

எழுதாவிட்டால் வராது என்பதில்தான் நுமாகுராவின் விஷயம் இருந்தது. ஒருமுறை வயிற்று அறுவைச் சிகிச்சைக்காகச் சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுதவில்லை. வீடு திரும்பிய அன்று மாலை வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்தால் பேச்சில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு வைத்துவிட்டார்கள்.

"அந்த மூக்கு எனக்குத் தெரியும்," என்றார் என்னிடம். "சின்ன வயசுலேர்ந்தே அவளுக்கு அப்படித்தான்."

அவள் என்றால் மகள் சினாமி. அம்மாவின் இறுதிச் சடங்கில் அப்பாவோடு ஏதோ வார்த்தை தடித்து, ஊரைவிட்டுப் போனவள். எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது, தொலைபேசி எண்ணும் தெரியாது. ஆனால் எங்கேயோ ஒரு திரட்டியில் தினமும் மூன்று வரி போய் விழுகிறது என்பது அன்று தெரிந்துவிட்டது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

அதற்கடுத்த ஏப்ரலில் நகராட்சியின் தகவல் முன்னேற்றப் பிரிவுக்குப் புதுத் தலைவர் வந்தார். பெயர் தோகுனாகா. மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் இடம் மாற்றிப்போடுவது எங்கள் நகராட்சியின் வழக்கம். ஒருவருக்கு ஒரு வேலை பிடிபட்டுவிட்டால் ஊழல் வந்துவிடும் என்பார்கள். இந்த ஏற்பாட்டினால் எங்கள் ஊரில் ஊழல் கிடையாது. தோகுனாகா அதற்கு முன்பு மயானப் பிரிவில் இருந்தவர்.

வந்ததும் சதுக்கத்தின் வருகைக் கணக்கைப் பார்த்தார். நுமாகுராவின் பக்கத்துக்கு வருகை பூஜ்யம். ஓடையில் படிக்கிறவர்கள் பக்கத்துக்கு வருவதில்லை, அதனால் கணக்கில் விழுவதுமில்லை. தலைவர் அவரை அழைத்தார். தெருச் சங்கத்தின் அந்த வருடப் பொறுப்பாளர் என்ற முறையில் நானும் கூடப்போனேன். ஆளுக்கொரு குளிர்ந்த தேநீர்ப் பாட்டில் வைத்திருந்தார்கள். அதை அங்கே திறப்பது மரியாதையில்லை, எடுத்துப்போகாவிட்டாலும் மரியாதையில்லை.

"நுமாகுரா சான், உங்களை யாரும் படிக்கிறதில்லை," என்றார் தலைவர், 'சான்' என்ற மரியாதை குறையாமல். குரலில் ஆறுதல் இருந்தது. மயானப் பிரிவில் பழகிய குரல்.

"படிக்கிறாங்க. ஓடையில."

"யாரு?"

"அது எனக்குத் தெரியாது. தெரியாம இருக்கிறதுக்குத்தான் ஓடை."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "மயானத்துலகூட, படுத்திருக்கிறவங்க அத்தனை பேரோட பேரும் எங்ககிட்ட இருந்துச்சு. பேர் தெரியாத ஆளுக்கு நகராட்சி சேவை பண்ண முடியுமா? சவாமுகாய், இந்த ஓடைன்னா என்னன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

சவாமுகாய் என்பது ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிரிவு ஊழியை. அந்தப் பிரிவில் கணிப்பொறி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் தேநீர் வைக்கும் வேலை அவருடையது.

"ஒருத்தர் எழுதினதும் அது தானா எல்லாருக்கும் போய்ச் சேரும் தலைவரே. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க இடத்துலயே படிச்சுக்கலாம்."

"வீட்டுலயேவா?"

"வீட்டுலயே."

"ஒரே விஷயம், எல்லா வீட்டுக்கும்?"

"ஆமா."

தலைவரின் முகம் மெல்லத் தெளிந்தது. "அட. சுற்றுப்பலகை."

எங்கள் ஊரில் குப்பை எடுக்கும் நாள் மாறினாலும் சரி, மலையிலிருந்து கரடி இறங்கினாலும் சரி, சுற்றுப்பலகைதான். அறிவிப்பை ஒரு பலகையில் செருகி முதல் வீட்டில் கொடுப்பார்கள். படித்து, கையெழுத்துக்குப் பதிலாக ஒவ்வொருவரும் வைத்திருக்கும் பெயர் முத்திரையைத் தாளில் குத்தி, அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். கரடி விஷயம் கடைசி வீட்டுக்கு வரும்போது கரடி குளிர்காலத் தூக்கத்துக்குப் போயிருக்கும். ஆனால் எல்லோருடைய முத்திரையும் இருக்கும்.

"அது வந்து தலைவரே, இதுல வரிசை கிடையாது," என்றார் சவாமுகாய். "எல்லாருக்கும் ஒரே நேரத்துல..."

"வரிசை இல்லைன்னா முத்திரை எப்படி விழும்?"

சவாமுகாய் எழுந்து தேநீர்ப் பாட்டில்களை நேராக வைத்தார்.

அடுத்த வாரம் 'ஓடைச் சுற்று நெறிமுறை' வெளியானது. நுமாகுரா எழுதுவதை நகராட்சி அச்சடித்துப் பலகையில் செருகி, அவருடைய தெருவில் முதல் வீட்டிலிருந்து சுற்றுக்கு விடும். கடைசி வீட்டின் முத்திரை விழுந்து பலகை திரும்பிய பிறகே பதிவு பக்கத்தில் வெளியாகும், ஓடையும் திறக்கும். காரணத்தையும் எழுதியிருந்தார்கள்: 'முறை வருமுன் சிலர் படித்துவிடுவது சமத்துவத்துக்கு எதிரானது.'

எங்கள் தெருவில் பதினோரு வீடு.

முதல் பலகை ஒரு திங்கட்கிழமை கிளம்பியது. மூன்று வரியின் மேல் ஒரு முகப்புத் தாள், அதில் நகராட்சி முத்திரைகள். கீழே இருப்பவர் தன் முத்திரையை மேலதிகாரியின் முத்திரைப் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் குத்துவது எங்களிடம் மரியாதை, தலை வணங்குவது போல. சவாமுகாயின் முத்திரை ஏறக்குறைய படுத்தே இருந்தது. செவ்வாயன்று இரண்டாவது பலகை, புதனன்று மூன்றாவது. நுமாகுரா தினமும் சாப்பிடுகிறவர், அதனால் பலகையும் தினமும் வந்தது.

இரண்டாவது வீட்டு ஒதோவா அம்மாள் வேலியோரம் நின்று அவரைப் பிடித்துக்கொண்டார்.

"நுமாகுரா சான், வியாழக்கிழமையும் கானாங்கெளுத்தியா?"

"மலிவா கிடைச்சுது."

"அதுக்காக? நான் முத்திரை குத்தவேண்டியிருக்கில்ல. கானாங்கெளுத்திக்கு எத்தனை தடவைதான் குத்துறது? ஒரு நாள் நண்டு சாப்பிடுங்க. படிக்கிறவங்களுக்கும் ஒரு மரியாதை வேணாமா?"

ஐந்தாவது வீட்டுக்காரர் வெந்நீர் ஊற்றுக்குப் போயிருந்தார். அவர் வாசலில் பலகைகள் செருப்பு அலமாரி உயரத்துக்கு ஏறின. அவரைத் தாண்டி வைக்கக் கூடாது. தாண்டினால் அவரை அவமதித்ததாக ஆகும். அவர் திரும்பி வந்து ஓர் இரவு முழுக்க முத்திரை குத்தினார். மறுநாள் தோள் பிடித்துக்கொண்டது என்று மருத்துவரிடம் போனார். மருத்துவர் அவரை மறுபடியும் வெந்நீர் ஊற்றுக்குப் போகச் சொன்னார்.

ஒன்பதாவது வீடு நுமாகுராவுடையது. தான் முந்திய மாதம் சாப்பிட்டதைத் தானே படித்து, முத்திரை குத்தி, பத்தாவது வீட்டில் கொடுக்க வேண்டும். ஒருமுறை படிக்காமல் குத்திவிட்டார். நான் பொறுப்பாளன், கேட்கவேண்டியது என் கடமை. கேட்டேன்.

"இதை எழுதினதே நான்தானே?" என்றார்.

"எழுதினது தெரியும். படிச்சீங்களா?"

உள்ளே போய் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தார்.

இதற்கிடையில் சுகாதாரப் பிரிவு குறுக்கே வந்தது. உணவைப் பற்றிய எந்தச் சுற்றறிக்கைக்கும் அவர்களுடைய ஒப்புதல் வேண்டும் என்று ஒரு விதி இருப்பது அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. அங்கிருந்த உணவு ஆலோசகர் முதல் பலகையைப் பார்த்ததும் 'உப்பு அதிகம்' என்று சிவப்பில் எழுதினார். இரண்டாவதிலும் அதையே எழுதினார். மூன்றாவதுக்கு அதை ஒரு ரப்பர் முத்திரையாகவே செய்துகொண்டார். பிறகு, சாப்பிட்ட பின் திருத்துவதில் பயனில்லை என்று முடிவாகி, மதியச் சாப்பாட்டுக்கு முந்தின நாளே ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார்கள்.

நுமாகுரா வேலை முடிந்து மூன்று மணிக்கு நேரே நகராட்சிக்குப் போனார். அலுவலகம் மூடும்வரை பச்சை நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த நாள் சாப்பிடப்போவதற்கு முத்திரை வாங்கினார். பொய் எழுதத் தெரியாதவர், அதனால் ஒப்புதல் ஆனதையே சாப்பிட்டார். டோஃபு என்று ஒப்புதலானால் டோஃபு. கடல் எப்படி இருக்கும் என்றும் முந்தின நாளே எழுதவேண்டியிருந்தது. அதற்கு மட்டும் 'வானிலையைப் பொறுத்து' என்று போட அனுமதித்தார்கள்.

கோபப்பட்டாரா என்றால் இல்லை. பத்து மணி நேரம் ஐஸ் கட்டிகளோடு நிற்கிறவரின் முகம் எப்போதும் இருப்பது போலத்தான் இருந்தது.

"வேற இடத்துல எழுதலாமே," என்று ஒருநாள் சொன்னேன். "இலவசமாவே எத்தனையோ இருக்கு."

"எழுதலாம். அவ திரட்டிக்கு இந்த ஓடையை மட்டுந்தான் தெரியும். நான் வேற இடத்துக்குப் போயிட்டேன்னு அவளுக்கு யார் சொல்றது?"

அவர் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பலகை ஒண்ணுகூட இன்னும் நகராட்சிக்குத் திரும்பலை. இப்ப அவ பெட்டி காலியா இருக்கும். நான் செத்துட்டேன்னு நினைச்சிருப்பா."

சோயா சாஸ் கொஞ்சம் தாராளம் என்பதைச் சொல்வது போலவே அதையும் சொன்னார்.

நகராட்சிக்கு மனுக் கொடுத்தோம். தலைவர் தெருச் சங்கக் கூடத்துக்கே வந்து விளக்கம் அளித்தார். செருப்பை வாசலில் வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். சீக்கிரம் கிளம்பும் எண்ணம் இருந்தது தெரிந்தது. ஆனாலும் நிறையப் பேசினார்.

"முன்னால நுமாகுரா சானுக்கு வாசகர் பூஜ்யம். இன்னைக்குப் பதினோரு வீடு. அத்தனையும் முத்திரையோட. எந்த எழுத்தாளருக்கு இந்த அதிர்ஷ்டம் கிடைக்கும்? படிச்சதுக்கு அத்தாட்சி உள்ள வாசகர்கள். படிச்சாங்களா, பிடிச்சுதாங்கிறது எங்க பிரிவோட வேலை இல்லை. முத்திரை நேரா விழுந்திருக்கா, அதுதான் எங்க வேலை. சிலர் கேக்கறாங்க, யாரும் எதுவும் கேக்காம, யாருக்கும் தெரியாம படிச்சுட்டுப் போற வழி ஒண்ணு இருந்துச்சே, அதைத் திறந்துவிட்டா என்னன்னு. திறந்துவிட்டா எங்களுக்கு அதுல வேலையே இருக்காதே. வேலை இல்லாத இடத்துல நகராட்சி எப்படிப் பொறுப்பா இருக்க முடியும்?"

கைதட்டினோம். சொன்னது சரியாகத்தான் பட்டது.

நுமாகுரா எழுந்தார். "ஓடையை மட்டும் திறந்துவிடுங்க. பலகை பாட்டுக்கு அது சுத்தட்டும்."

"தாராளமா. ஓடைக்கு வாசகர் இருக்காங்கன்னு காட்டுங்க. ஒருத்தர் போதும். நேர்ல வரணும், வசிப்பிடச் சான்றிதழ், முத்திரை கொண்டுவரணும். நாங்க ஒண்ணும் கல்நெஞ்சக்காரங்க இல்லை."

"அவ வரமாட்டா."

"அப்ப நகராட்சிச் செயலி இருக்கே." தலைவர் கைப்பேசியைத் திறந்து காட்டினார். கணவாய் மீன் வேஷத்தில் எங்கள் ஊர்ச் சின்னப் பொம்மை ஆடியது. அதற்குத் தினமும் மூன்று முறை இறால் ஊட்டினால் குடிமக்களின் எழுத்தெல்லாம் வரிசையாக வரும். முதலில் மேயரின் காலை வணக்கம், பிறகு மேயரின் புன்னகை. இறால் போடாத நாளில் கணவாய் அழும்.

நுமாகுரா கணவாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "துறைமுகத்துல இதை ஐஸ்ல போடுவோம்," என்றார்.

ஆடிக்காற்று மாதிரி ஒரு காற்று கடலிலிருந்து அடித்துக்கொண்டிருந்த நாள். சவாமுகாய் பிறகு என்னிடம் சொன்னது இது: நுமாகுரா வழக்கம்போல நகராட்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மறுநாளுக்கு வேகவைத்த கீரை, சோறு, 'வானிலையைப் பொறுத்து'. தலைவர் கூட்டத்தில் இருந்தார். சவாமுகாய் சாளரத்தருகே குனிந்து, முத்திரை தேடுவது போல இழுப்பறையைத் திறந்துகொண்டே பேசினார்.

"நுமாகுரா சான், காலையில ஒரு போன் வந்துச்சு. ஒரு பொண்ணு. ஓடை ஏன் நின்னுபோச்சுன்னு கேட்டாங்க."

நுமாகுரா நிமிர்ந்தார்.

"நான் எடுக்கலை, தலைவர் எடுத்தாரு. பேரு, விலாசம், முத்திரை இருக்கான்னு கேட்டாரு. அவங்க அதுக்கு ஒண்ணும் சொல்லலை. அவருக்கு உடம்பு சரியில்லையான்னு மட்டும் கேட்டாங்க. பக்கத்துல இருந்த எனக்கே கேட்டுச்சு."

"அவரு என்ன சொன்னாரு?"

சவாமுகாய் இழுப்பறையை மூடினார். "உடல்நிலை தனிநபர் விவரம், வெளியில சொல்ல முடியாதுன்னாரு."

அவர் மதியம் என்ன தின்றார், எவ்வளவு உப்புப் போட்டார் என்பது அப்போது நான்காவது வீட்டிலிருந்து ஐந்தாவது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"வீட்டுக்குப் பண்ணினா யாரும் எடுக்கலைன்னும் சொன்னாங்களாம். தினமும் நாலு மணிக்குப் பண்ணிப் பாக்கறாங்களாம்."

நாலு மணிக்கு அவர் இந்தப் பச்சை நாற்காலியில் இருந்தார். ஒவ்வொரு நாளும்.

சாளரத்துக்கு மேலே கடிகாரம் இருந்தது. நுமாகுரா அதைப் பார்த்தார். "இதைத் தலைவர்கிட்ட..." என்று கீரைத் தாளைக் காட்டினார் சவாமுகாய். அவர் காதில் அது விழவில்லை, அல்லது விழுந்தது. தாளை வாங்காமல் எழுந்து போனார். ஒப்புதல் பெறாமல் நகராட்சியை விட்டு அவர் வெளியேறியது அன்றுதான் முதல் முறை. ஐஸ் ஆலை ரப்பர் காலணியோடு அவர் எங்கள் தெருவில் ஓடியதை ஒதோவா அம்மாள் இன்னும் சொல்வார்.

சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். எட்டாவது வீடு என்னுடையது. அவர் வீட்டுத் தொலைபேசி அடித்தது எனக்குக் கேட்டது.

"நுமாகுரா," என்று தன் பெயரைச் சொல்லி எடுத்தார்.

பிறகு சத்தமே இல்லை. வைத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். அவருக்குப் பேசத் தெரியாது. மகளிடம் என்றில்லை, யாரிடமும். தெரிந்ததைத்தான் சொன்னார்.

"கடல் இன்னைக்கு முரட்டுத்தனமா இருந்துச்சு. டோஃபுன்னுதான் ஒப்புதல். இன்னைக்கு மட்டும் அதைச் சாப்பிட முடியலை, கானாங்கெளுத்திதான் சாப்பிட்டேன். சோயா சாஸ் கொஞ்சம் தாராளம்."

மூன்று வரி அதோடு முடிந்தது. அவரும் நிறுத்திக்கொண்டார். வெகு நேரம் கழித்துப் போனை வைக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் நாலு மணிக்கு மறுபடியும் அடித்தது. கடல், சோறு, மத்தி மீன், சோயா சாஸ். அதற்கு மறுநாளும் அடித்தது. அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. பலகை கொடுக்கப் போனபோது அவரே சொன்னார்: "மூக்கு மட்டும்தான்."

நகராட்சிக்கு அவர் பிறகு போகவில்லை. ஒப்புதல் இல்லாததால் புதிய பலகை வரவில்லை. பழைய பலகைகள் இலையுதிர்காலம் வரை சுற்றிவிட்டு ஓய்ந்தன. அடுத்த வருட நகராட்சி மலரில் தோகுனாகாவின் கட்டுரை வந்தது. 'ஓடையைத் திறக்கக் கோரி முத்திரையுடன் வந்த வாசகர் ஒருவருமில்லை. பெயர் கூறாத தொலைபேசி விசாரணை ஒன்று. கருத்து எதுவும் தெரிவிக்கப்படவில்லை. ஆகவே தேவை இல்லையெனத் தெளிவாகி, ஓடை முறையாக மூடப்பட்டது. இதன் பயனாகக் குடிமக்களிடையே நேரடி உரையாடல் பெருகியுள்ளது.' அந்தக் கடைசி வாக்கியத்தைச் சரிபார்க்கும்படி எனக்கு அனுப்பியிருந்தார்கள். யோசித்துப் பார்த்தேன், பொய் என்று சொல்லத் தோன்றவில்லை. முத்திரை குத்திக் கொடுத்தேன். தோகுனாகாவுக்கு வேலை சீக்கிரமே பிடிபட்டுவிட்டது போலும், மூன்று வருடம் ஆகுமுன்பே அந்த ஏப்ரலில் குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

அதே ஏப்ரலில் ஒருநாள் மாலை சுவருக்கு அந்தப் பக்கம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. "கடல் தட்டையா இருந்துச்சு. சோறு, கானாங்கெளுத்தி, முள்ளங்கி ஊறுகாய். சோயா சாஸ்..."

அங்கே நின்றுவிட்டது. வாக்கியத்தை அவர் பாதியில் விட்டதை நான் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ம்," என்றார். அப்புறம், "சரி," என்றார்.

அடுத்த நாள் பலகையோடு போனேன். குப்பை எடுக்கும் நாள் மறுபடியும் மாறியிருந்தது. முத்திரையைக் குத்தியபடியே, நான் கேட்காமலே சொன்னார்.

"பேசினா."

"என்னன்னு?"

"உப்பு ஜாஸ்திப்பா, அப்படின்னா."

அடுப்படியில் சோயா சாஸ் புட்டி அலமாரியின் மேல் தட்டுக்கு ஏறியிருந்தது. சுகாதாரப் பிரிவு அத்தனை சிவப்பு முத்திரை குத்தியும் இடம் நகராத புட்டி. பலகையை எடுத்துக்கொண்டு நுமாகுரா பத்தாவது வீட்டுக்குப் போனார். அவர் முத்திரை, யாருக்கோ தலை வணங்குவது போல, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்திருந்தது.